பாதி வாடகை

இந்த அறைக்கு ஒரு கனமான திரை போட்டால் வெயில் உங்கள் முகத்தில் அடிக்காது, ஐயா. உட்கார்ந்ததிலிருந்து பார்க்கிறேன், ஒரு கையால் எழுதுகிறீர்கள், மறு கையால் கண்ணை மறைத்துக்கொள்கிறீர்கள். நான் திரைச்சீலை தைத்து மாட்டுகிறவன். எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் ஜன்னலைப் பார்ப்பேன், பிறகுதான் மனிதர்களை. தொழில் புத்தி, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

என்னை யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். காலையில் குளித்து, சலவைச் சட்டை போட்டு, நானாகத்தான் நடந்து வந்தேன். ஸ்டேஷன் வாசலில் நின்ற காவலர் சைக்கிள் தொலைத்தவன் என்று நினைத்து, மத்தியானம் வரச் சொன்னார். சரியென்று ஒரு டீ குடித்துவிட்டு மத்தியானம் வந்தேன். கடிகாரக்காரர் விஷயமாக வந்திருக்கிறேன் என்று சொல்லியிருந்தாலும் அவருக்குப் புரிந்திருக்காது. கடிகாரக்காரரை எல்லோரும் மறந்துவிட்டார்கள். இப்போது சிக்கலே அதுதான்.

என் வேலை பெரிய பெரிய வீடுகளில். ஒரு வீட்டில் நாய்க்குத் தனி அறை இருந்தது. அறைக்கு ஜன்னல், ஜன்னலுக்குத் திரை, திரைக்குக் குஞ்சம். மண்டிபோட்டு அளவெடுத்தபோது மனசுக்குள் ஒரு கணக்கும் போட்டேன். நானும் மனைவியும் எங்கள் வாண்டும் அதில் தாராளமாகப் படுக்கலாம், நாய் கொஞ்சம் ஒதுங்கினால் போதும். இதை வீட்டுக்கு வந்து சொன்னேன், மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நாங்கள் பொறாமைப்படுகிற ஜாதி இல்லை, சிரிக்கிற ஜாதி.

சிக்கனத்தில் எங்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மனைவி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். போக வர நடைதான். ஒரு தடவை அடுப்பு மூட்டினால் மறுநாள் மதியம் வரை அதிலேயே ஓட்டிவிடுவாள். வெட்டியது போக மிஞ்சும் துணியில் நான் வாண்டுக்குக் கவுன் தைத்துவிடுவேன். விவரம் தெரிகிற வரைக்கும் அவள் ஊரார் வீட்டு ஜன்னல்களைத்தான் உடுத்திக்கொண்டு திரிந்தாள். இவ்வளவு இழுத்துப் பிடித்தும் வாடகை மட்டும் எங்களுக்கு முன்னால் ஓடிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் தள்ளி, இன்னும் கொஞ்சம் சின்னதாக வீடு பார்த்தோம். கடைசியில் அந்தக் கட்டடத்தையும் இடிக்கப் போகிறோம் என்று வெளியே அனுப்பினார்கள்.

மனைவியும் வாண்டும் அவள் அக்கா வீட்டுக் கூடத்தில் படுத்தார்கள். நான் கடையில், துணி உருளைகளின் மேல். பழகிவிட்டால் அது சுகம்தான். என் சகலை தங்கமானவர், ஆனால் ஒரு மாதத் தங்கம். அடுத்த மாதம் படுக்கையறையில் இருந்த டிவியைக் கூடத்துக்கு மாற்றினார். அது ஓடுகிற வரைக்கும் குழந்தை தூங்க முடியாது, அது நின்றபாடும் இல்லை. ஒருநாள் மருந்துக்கடை வாசலில் மனைவி என்னிடம் சொன்னாள்:

"எங்கயாவது ஒரு ரூம் பாருங்க. பெருசா ஒண்ணும் வேணாம். ஒரு கதவு இருக்கணும், உள்ள இருந்து நாம தாப்பா போடணும். அவ்ளோதான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. அன்றைக்கே தரகரைப் பிடித்தேன்.

"ஒரு வீடு இருக்கு," என்றார் தரகர். "வாடகை பாதிதான். ஆனா முன்னாடி இருந்தவரு அங்கயே போய்ட்டாரு."

"எங்க போய்ட்டாரு?"

"யோவ், தூக்கு மாட்டிக்கிட்டாருய்யா."

மனைவியிடம் மறைக்காமல் சொன்னேன். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "தண்ணி ஒழுங்கா வருமா?"

வந்தது. அங்கே நாங்கள் ராஜா ராணி மாதிரி இருந்தோம். முதல் நாள் அவள் தாழ்ப்பாளைப் போட்டாள், எடுத்தாள், மறுபடியும் போட்டாள். வாண்டும் போட்டுப் பார்த்தது. சுவருக்கு வெள்ளை அடித்தோம், வாசலில் பூந்தொட்டி வைத்தோம். முதலில் எங்கள் வாசலைச் சுற்றிக்கொண்டு போன பிள்ளைகள் பிறகு எங்கள் கூடத்திலேயே விளையாடின. இறந்துபோனவர் பாவம், எங்களை ஒரு தொந்தரவும் செய்யவில்லை.

வருஷம் திரும்புவதற்குள் அந்த வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்தார். டீ குடித்தார், சுற்றும் முற்றும் பார்த்தார், மனசு நிறைந்துதான் பேசினார்: "நீங்க வந்தப்புறம் வீடே கலகலன்னு ஆயிடுச்சுங்க. இப்ப யாருமே பயப்படறதில்ல. அதான், வாடகைய எல்லா வீடு மாதிரி ஆக்கிடலாம்னு பாத்தேன்."

புரிகிறதா, ஐயா? அவர் வீட்டுக்கு இருந்த கெட்ட பெயரை நாங்கள் சிரித்துச் சிரித்தே துடைத்துவிட்டோம். துடைத்த கூலியை எங்களிடமே வசூலிக்க வந்திருந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு பாடம் கற்றுக்கொண்டேன் என்றுதான் வைத்துக்கொண்டேன். வாடகை கல்லுக்கும் மண்ணுக்கும் இல்லை, பெயருக்குத்தான்.

அதே மாதிரி இன்னொரு வீடு வேண்டும் என்று தரகரிடம் போனேன். அவர் கையை விரித்தார். "இப்பல்லாம் எல்லாரும் ஆஸ்பத்திரிலதான் சாகறாங்க. வீட்டுல யாரு சாகறா? நான் என்ன பண்றது, சொல்லு."

அவர் சொன்னது நியாயம். எல்லாவற்றையும் அடுத்தவர் தலையில் போடக் கூடாது என்று எனக்குத் தோன்றியது.

கடிகாரக்காரர் வீட்டுக்கு முன்பே ஒரு தடவை திரை மாட்டியிருக்கிறேன். தனி வீடு. மூன்று அறை, மொட்டை மாடி, பின்பக்கம் சிமென்ட் தளம். காற்று ஒரு ஜன்னலில் நுழைந்து எதிர் ஜன்னலில் போகும், அப்படி ஓர் அமைப்பு. அவர் ஒண்டிக்கட்டை, கடிகாரம் பழுது பார்க்கிறவர். முன்னறையில் அவர், நடு அறையில் கடிகாரங்கள், மூன்றாவது அறையில் தூசி. வாண்டுக்கு ஓடாத கைக்கடிகாரம் ஒன்று கொடுத்து, மணி கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தார்: "இப்பதான்." வாண்டு ரொம்ப நாள் எல்லோருக்கும் அதையே சொல்லிக்கொண்டிருந்தது. அவர் எனக்கு நண்பர். இதை அடிக்கோடிட்டு எழுதுங்கள். பின்னால் யாராவது பகை, முன்விரோதம் என்று கதை கட்டுவார்கள்.

அவரிடம் முதலில் முறையாகக் கேட்டுப் பார்த்தேன். அந்த மூன்றாவது அறையை மட்டும் எங்களுக்கு உள்வாடகைக்கு விடுங்கள் அண்ணே என்றேன்.

"தப்பா எடுத்துக்காத தம்பி," என்றார். "எனக்கு மனுஷ சத்தம் ஒத்துக்காது. இந்த டிக் டிக் மட்டும் போதும்."

தப்பாக எடுத்துக்கொள்ளவே இல்லை. அவரவர் காது அவரவருக்கு. ஆனால் அன்றிலிருந்து அந்த வீட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வாடகை பாதியாகத் தெரிய ஆரம்பித்தது.

மாடியில் அவர் செடி வளர்த்தார். வெயிலில் எல்லாம் வாடிப்போகிறது என்று வருத்தப்பட்டார். கடையில் மிஞ்சிய முரட்டுத் துணி இருக்கிறது, ஒரு நிழல்பந்தல் கட்டித் தருகிறேன் என்றேன். காசு வாங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை துணியையும் ஏணியையும் கொண்டு போனேன். தெருப் பக்கம் கொக்கி அடிக்கலாம் என்றார் அவர். எனக்கு அது சரியாகப் படவில்லை. தெருவில் ஒரு காரியம் நடந்தால் கெட்ட பெயர் தெருவுக்குத்தான் போகும், வீட்டுக்கு ஒட்டாது. பின்பக்கம் அடிக்கலாம், அண்ணே, அங்கேதான் வெயில் ஜாஸ்தி என்றேன். யோசித்துப் பார்த்துவிட்டு ஆமாம் என்றார். நான் அவரிடம் சொன்னது பொய் இல்லை, வெயில் அங்கேதான் ஜாஸ்தி.

கைப்பிடிச் சுவரை ஒட்டி ஏணியை வைத்தேன். நான் ஏறுகிறேன் என்றேன், அவர் கேட்கவில்லை. தன் செடிக்குத் தன் கையால் கொக்கி மாட்டவேண்டுமாம்.

"ஏணியப் பிடிச்சுக்கப்பா."

"பிடிச்சிருக்கேன் அண்ணே. நீங்க ஏறுங்க."

பிடித்துத்தான் இருந்தேன். பிடித்திருந்ததால்தான் தூக்க முடிந்தது. மெலிந்த மனிதர். நான் தினமும் தூக்குகிற துணி உருளை அவரைவிடக் கனம். கீழே நேராகச் சிமென்ட் தளம், சுற்றிலும் வீட்டுச் சுவர், சுத்தமாக வீட்டு எல்லைக்குள். கஷ்டப்படவில்லை என்று டாக்டர் பிறகு சொன்னார், அதைக் கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது.

நான்தான் முதலில் கத்தினேன், கீழே ஓடி நான்தான் அவரைத் தூக்கினேன். அழுததும் நிஜம். உங்கள் ஆள் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, வயசான காலத்தில் இவருக்கு எதற்கு இந்த வேலை என்று இறந்தவரைத்தான் திட்டினார். வெளியூரிலிருந்து அவர் தங்கை வந்து சாமான்களை ஏறக்கட்டியபோது கூடமாட இருந்து எல்லாம் செய்தேன். அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கூடப் பொறந்தவன் மாதிரி நின்னீங்க" என்றார். ஞாபகத்துக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார். இப்போதும் ஒரு நிமிஷம் பிசகாமல் ஓடுகிறது, நல்ல கைவேலை.

வீடு மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. அதுவரை பழைய வீட்டுக்கு முழு வாடகையைப் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தோம். பிறகு கடிகாரக்காரர் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரரே தரகரை அனுப்பினார். பாதிக்கும் கீழே பேசி முடித்தேன். மனைவி வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பாவம் அந்த மனுஷன் என்று கண் கலங்கினாள். அப்புறம் மூன்றாவது அறைக்குள் போய், "இது வாண்டுக்கு" என்றாள். ஐயா, குழந்தைக்குத் தனி அறை. எங்கள் பரம்பரையில் யாருக்கும் வாய்க்காதது. நாய்க்குத் தைத்த அதே குஞ்சத்தை நான் அந்த ஜன்னலுக்கும் தைத்தேன்.

இந்தத் தடவை ஜாக்கிரதையாக இருந்தேன். வீட்டின் கெட்ட பெயரைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டேன். மத்தியானங்களில் யாரோ டிக் டிக் என்று சத்தம் போடுகிறார்கள் என்று கடைத்தெருவில் காதோடு காதாகச் சொல்லி வைத்தேன். நன்றாகத்தான் பரவியது. பக்கத்து வீட்டம்மா பயந்துபோய் என் மனைவியிடம் கேட்டிருக்கிறார். இவள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "அது கொழாய் சொட்டுதுக்கா, வாஷர் போயிருச்சு" என்று கையோடு கூட்டிப் போய்க் காட்டியிருக்கிறாள். காட்டியதோடு விட்டாளா, டீயும் கொடுத்திருக்கிறாள். அப்புறம் பழையபடி பூந்தொட்டி, பிள்ளைகள், சிரிப்பு. சந்தோஷமாக இருக்காதே என்று பெண்டாட்டியிடம் எப்படிச் சொல்வது?

போன வாரம் வீட்டுக்காரர் வந்தார். டீ குடித்தார், சுற்றும் முற்றும் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்கு என்ன சொல்லப் போகிறார் என்று தெரிந்துவிட்டது. அடுத்த மாதத்திலிருந்து முழு வாடகை. எங்களால் முடியாது. மறுபடியும் கூடத்தில் படுக்க சகலை வீடும் இல்லை, அவர்களையே அவர்களுடைய வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லியிருக்கிறார்.

இரண்டு மூன்று நாள் யோசித்தேன். இன்னொரு வீடு, இன்னொரு நண்பர் என்று போகலாம்தான், ஆனால் எத்தனை தடவை? தப்பு எங்கே என்று பிறகுதான் புரிந்தது. விபத்து மட்டமான சாயம், ஐயா. நாலு தடவை துவைத்தால் வெளுத்துவிடும். கொலை அப்படி இல்லை. கொலை நடந்த வீடு பேரப்பிள்ளை காலத்திலும் கொலை நடந்த வீடுதான். அதிலும் கொன்றவனே குடும்பத்தோடு வாழ்ந்த வீடு என்றால் எவன் வருவான்? வீட்டுக்காரர் என் மனைவி காலில் விழுந்து, கொடுக்கிறதைக் கொடும்மா, காலி மட்டும் பண்ணிவிடாதே என்பார். அவள் சம்பளத்திலேயே வாடகை கட்டிவிடலாம். வாண்டுக்கு அந்த அறை நிரந்தரம்.

அதற்காகத்தான் வந்தேன். ஒரு தகப்பன் இதைவிட என்ன செய்துவிட முடியும்? கடிகாரக்காரரை ஏணியோடு தூக்கிக் கீழே தள்ளியது நான்தான், வேண்டுமென்றேதான், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். பத்திரிகைக்காரர்கள் வந்தால் கதவு எண்ணைத் தெளிவாகச் சொல்லுங்கள். என் முகம் வராவிட்டாலும் பரவாயில்லை, வீட்டின் முகப்பு வரவேண்டும்.

இப்போது அந்தக் காவலர் உங்கள் காதில் சொன்னது எனக்கும் கேட்டது. மனைவிக்கு ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டீர்கள், அவளும் வந்துவிட்டாள். வெளியே பெஞ்சில் குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். துணிமணி எடுக்கக்கூட அந்த வீட்டுப் படி ஏறமாட்டேன் என்கிறாள். சாவியை மேசையில் வைத்துவிட்டாள். "அந்த ஏணில ஏறித்தானே நான் ஒட்டடை அடிச்சேன், இவர்தானே பிடிச்சிக்கிட்டு நின்னாரு" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கிறாளாம்.

நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒருநாளும் ஆடவிட்டதில்லை, வேண்டுமானால் அவளையே கேளுங்கள்.

பயந்திருக்கிறாள், பாவம். இன்று ஒரு நாள் எங்காவது இருந்துகொள்ளட்டும். அந்தச் சாவியை மட்டும் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள், ஐயா. அவள் போவாள். இந்த வாடகைக்கு இந்த ஊரில் வேறு எங்கே வீடு கிடைக்கும்?