ஒன்பதாவது பலகை

மாலை ஐந்தே முக்கால். நவம்பர் மாதம், அதற்குள் கும்மிருட்டு. நெப்ராஸ்காவின் மேற்குக் கோடியில் அறுத்துப் போட்ட சோளக்காட்டுக்கு நடுவே ஒரு சரளைச் சாலை... எதிரே ஒரு வண்டி இல்லை. அதில் தனியாகப் போய்க்கொண்டிருந்தவர் வெர்லின் ஹாக். நம் பழைய வண்டிச் சங்கத்து டெல்பெர்ட்டின் மைத்துனர்தான். சிரிக்காதீர்கள்.

பழைய வண்டிக் கண்காட்சியில் அவரை இப்போதும் பார்க்கலாம். நடுவராக வருவார். குறைகளைச் சீட்டில் எழுதுவார், நீட்டுவார், போய்விடுவார். வாயே திறக்க மாட்டார். தலைக்கனம் என்று நீங்கள் எல்லோரும் சொல்கிறீர்கள். முன்பு அவர் அப்படியா இருந்தார்? நடுவர் என்றால் ஒவ்வொரு குறையையும் சத்தமாகச் சொல்ல வேண்டும். வண்டிக்காரன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டு, அடுத்த வருஷத்துக்குள் சரி செய்து கொண்டுவருவான். அதுதான் நம் வழக்கம். வெர்லின் சொன்னால் அடுத்த கொட்டகை வரைக்கும் கேட்கும்.

அன்று அவர் போனது ஆர்டித் கெஸ்லர் வீட்டுக்கு. அந்த அம்மாளுக்கு எழுபத்தொரு வயது. அவர் கணவர் ஓர்வல், இருபத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் மாட்டுத் தீவனம் வாங்கி வருகிறேன் என்று தன் பிக்கப்பில், அதுதான் பின்னால் திறந்த தொட்டி வைத்த 1950-ஆம் வருஷத்துச் சின்ன லாரியில், கிளம்பியவர். ஆளும் திரும்பவில்லை, வண்டியும் திரும்பவில்லை. அந்த வாரம்தான் வற்றிப்போன ஓடையில் ஒரு பிக்கப் அகப்பட்டது. நம்பர் தகடு இருந்த இடம் துரு தின்று ஓட்டையாகக் கிடந்தது. ஷெரீப் கையை விரித்துவிட்டு, வண்டியை ஆர்டித்தின் கொட்டகையில் இறக்கிவிட்டுப் போனார்.

"அவர் வண்டிதானா, இல்லையா? அதை மட்டும் சொல்லு, வெர்லின். அவரோடதுன்னா இந்த வீட்டைப் பூட்டிட்டு லிங்கன் டவுன்ல தங்கச்சி வீட்டுக்குப் போயிடறேன். இல்லேன்னா இங்கேயே கெடக்கேன். வந்தா நான் இருக்கணும்ல?"

"அவர் வண்டியில எதையாச்சும் மாத்தினாரா, மிஸஸ் கெஸ்லர்?"

"ஒரு திருகாணியக்கூட மாத்தலப்பா. கடையில வாங்கினது வாங்கினபடி."

ஆர்டித் காபி போட வீட்டுக்குள் போனார். வெர்லின் கொட்டகைக்குள் நுழைந்து டார்ச் அடித்தார். ஓடைச் சேற்று வாடை. அதோடு... நனைந்த கம்பளி வாடை. பார்த்ததுமே அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது. அந்த அம்மாளுக்கு ஒரு முடிவு சொல்லலாம் என்று நாற்பது மைல் ஓட்டி வந்தவர் அவர். இதுவோ நாலு வண்டியைப் பிய்த்து ஒட்டுப்போட்ட மாதிரி நிற்கிறது.

"பின் தொட்டியே தப்பு," என்றார், பழக்க தோஷத்தில் சத்தமாக. "தரையில எட்டுப் பலகை. ஐம்பதாம் வருஷத்துக்கு ஒம்பது இருக்கணும். எவனோ பின்னால வாங்கி மாட்டினது. போல்ட்டெல்லாம் ஆறுமூலைத் தலை... உருண்டைத் தலைதானே வரணும்? பின் விளக்கு ரெண்டு! அப்பல்லாம் ஒண்ணுதான்யா, இடது பக்கம் மட்டும்!"

எழுதப் போனார். குளிரில் பேனா மை உறைந்துபோயிருந்தது. உதறினார், ஊதினார், கடைசியில் திட்டிக்கொண்டே தன் வண்டிக்குப் போய்ப் பென்சில் எடுத்து வந்தார். எட்டு என்று எழுதும் முன் இன்னொரு தரம் எண்ணினார்.

ஒன்பது.

விரல் வைத்து எண்ணினார். ஒன்பது. போல்ட்டுகளைத் தடவினார். உருண்டைத் தலை... வழுவழுவென்று. கண்ணில் புரை வளர்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். முப்பது வருஷமாகப் பலகை எண்ணுகிறவனுக்கு எட்டுக்கும் ஒன்பதுக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விட்டதா? அழுகை வருகிற அளவுக்கு ஆத்திரம் வந்தது அவருக்கு. சீட்டைக் கசக்கி எறிந்துவிட்டுப் பின்பக்கம் போனார். வலது விளக்கைக் காணோம். திருகு போட்ட ஓட்டைகூட இல்லை.

டிக்... டிக்... எங்கோ இரும்பு ஆறுகிற சத்தம். ஓடி நின்ற வண்டியில்தான் அது கேட்கும்.

"என்ன, வெளையாடுறியா எங்கிட்ட?" டயரை ஓர் உதை விட்டார். "கதவுல முக்கோணக் கண்ணாடி வேற! அது அடுத்த வருஷ மாடல்ல வந்தது, தெரியுமா?"

தும்மல் வந்தது. முகத்தைத் திருப்பித் தும்மினார். முதுகுக்குப் பின்னால்... க்ளிக்.

திரும்பிப் பார்த்தார். கதவில் ஒரே நீளக் கண்ணாடி. அதில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தன் கண்ணில் கோளாறு இல்லை. இது காது கொடுத்துக் கேட்கிறது. ஓர்வலின் வண்டி எப்படி இருக்க வேண்டும் என்று அவரே ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். பல்லைக் கடித்து வாயை மூடிக்கொண்டார்.

ஆர்டித் இரண்டு கோப்பைகளோடு வாசலில் நின்றார். "ஐயோ... இதேதான். இதேதான் அவர் வண்டி."

"இல்லை. வெளிய வாங்க, மிஸஸ் கெஸ்லர்."

"ஒத்த விளக்கு, பலகை, எல்லாம் சரியா இருக்கே! என் கண்ணு முன்னால நிக்குதே!"

"நான் வந்தப்போ இப்படி இல்ல. சொல்லச் சொல்ல மாறுது. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், எதுவும் பேசாதீங்க!"

"குடிச்சிருக்கியா? இருபத்தொம்பது வருஷமா எல்லாரும் என்னைப் பேசாதேன்னுதான் சொல்றீங்க. ஷெரீப் சொன்னார், பாஸ்டர் சொன்னார், இப்ப நீ!" அந்த அம்மாளுக்கும் ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. "நான் பேசுவேன். மழையோ பனியோ, கண்ணாடிய எறக்கிவிட்டு முழங்கைய வெளிய வச்சுக்கிட்டுத்தான் ஓட்டுவார் என் வீட்டுக்காரர்!"

க்ரீச்...

உள்ளே யாரோ கைப்பிடியைச் சுற்றினார்கள். ஒரு சுற்று... இரண்டு சுற்று... கண்ணாடி இறங்கியது. உள்ளே இருட்டு. அந்த இருட்டிலிருந்து ஒரு முழங்கை வெளியே வந்து கதவின் மேல் அமர்ந்தது. சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, சொட்டச் சொட்ட. கீழே கை தொங்கியது.

கோப்பைகள் விழுந்து உடைந்தன. வெர்லின் ஆர்டித்தின் கோட்டைப் பிடித்து இழுத்தார். அந்த அம்மாள் அசையவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்... வெகு நேரம். உதடு நடுங்கியது. முகம் மெல்லச் சுருங்கியது.

"இல்ல," என்றார். அப்படி ஒரு ஏமாற்றம் அந்தக் குரலில். "நீ சொன்னது சரிதான், வெர்லின். இது அவர் இல்ல. இதுல அஞ்சு விரல் இருக்கு. அவருக்கு சுண்டு விரலு சோளம் பறிக்கிற மெஷின்ல—"

வெர்லின் பாய்ந்து அவர் வாயைப் பொத்தினார். ஆனால் சொல்லியாகிவிட்டது.

கை மெதுவாக உள்ளே போனது.

உள்ளே... காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம். ஒரே ஒரு தரம்.

கை மறுபடி வெளியே வந்து கதவில் அமர்ந்தது. நான்கு விரல்.

பொத்தியிருந்த வெர்லினின் உள்ளங்கைக்கு அடியில், அதுவரை நடுங்கிக்கொண்டிருந்த ஆர்டித்தின் உதடுகள் அடங்கின. பிறகு மெல்ல விரிந்தன. அந்த அம்மாள் சிரித்தார்.