எழுந்தால் கண் இருட்டும்

மயக்கம் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மயக்கமே கிடையாது. மருந்துக்கடையில் நின்றே காலம் தள்ளியவன் சொல்கிறேன், ஐயா. வந்ததும் வராததுமாக, ஒரே மயக்கமாக இருக்கிறது, ஏதாவது மாத்திரை கொடுங்கள் என்பார்கள். கொடுத்துவிடக் கூடாது. வீடு சுற்றுகிறதா, கண் இருட்டுகிறதா, கால் தள்ளாடுகிறதா என்று கேட்க வேண்டும். சுற்றினால் பெரும்பாலும் காதில் கோளாறு. எழும்போது மட்டும் கண் இருட்டினால் ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும். தண்ணீர் குடிக்காதது, வயிறு காய்வது, ரத்தம் குறைவது, சில மாத்திரைகள் என்று காரணங்கள் இன்னும் உண்டு. ஜனங்களுக்கு எல்லாமே பித்தம்தான்.

என் மனைவிக்கும் பித்தம் என்றுதான் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். இருக்கும் என்றேன்.

அவள் பேருந்து ஓட்டுநர். வேலை கிடைத்தபோது தெருவே வாயைப் பிளந்தது. கடைக்கு வருகிறவர்கள் என்னை "டிரைவரம்மா வீட்டுக்காரர்தானே?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அதுவரை அவளைத்தான் மருந்துக்கடைக்காரர் வீட்டம்மா என்பார்கள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் அவள் ஓட்டும் பேருந்தில் ஏறினேன். கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, வழியை மறிக்காமல் உள்ளே தள்ளிப் போங்கள் என்று எல்லார் முன்னாலும் அதட்டினாள். பேருந்தே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

அன்று சாயங்காலம் பக்குவமாகத்தான் சொன்னேன், ஆடினது போதும், வீட்டில் உட்கார் என்று. சீருடையை மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இப்பதான் சொந்தக் கால்ல நிக்கிறேன். மறுபடி உக்கார வைக்காதீங்க."

நிற்கட்டும், பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

ரத்த அழுத்தத்தை இறக்கும் மாத்திரை கடையில் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. காலைத் தேநீரை நானே போட ஆரம்பித்தேன். அக்கா கொடுத்து வைத்தவள் என்று அவள் தங்கைகூட மெச்சினாள். கசக்கிறது என்று இவள் முகம் சுளித்தபோது சர்க்கரையைக் கூட்டினேன்.

பயணிகளை நினைத்துப் பார்த்தாயா என்று கேட்டீர்கள். நினைக்காமல் இருப்பேனா? உட்கார்ந்திருக்கிறவரை அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை. எழுந்தால்தான் கண் இருட்டியது. ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்துதானே இருப்பாள்? ஒரு பயணிக்காவது கீறல் விழுந்ததா, சொல்லுங்கள். நான் ஒன்றும் கொலைகாரன் இல்லை.

மருத்துவரிடம் நானே கூட்டிப் போனேன். போகாவிட்டால் நாலு பேர் என்ன பேசுவார்கள்? அன்றைய தேநீரிலும் முந்தின நாள் தேநீரிலும் வெறும் சர்க்கரைதான். அழுத்தம் பார்த்தார், சரியாக இருந்தது. என்ன செய்கிறது என்றார். இவள் மயக்கமாக வருகிறது என்றாள், எல்லாரும் சொல்கிற அதே சொல். அவர் துருவிக் கேட்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"வீடே சுத்துதுங்கிறா, டாக்டர். படுத்தாலும் சுத்துதாம்."

இவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மனுஷன் பதற்றத்தில் உளறுகிறான் என்று நினைத்திருப்பாள், மறுத்துப் பேசவில்லை. காதுக்கு மருந்து எழுதினார். எங்கள் கடையிலேயே வாங்கினோம்.

சலித்துப்போய் அவளே வேலையை விடுவாள் என்று எதிர்பார்த்தேன். பிடிவாதக்காரி. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுவாள், கண் தெளியும்வரை நிற்பாள், கிளம்பிப் போய்விடுவாள். நான் அளவைக் கூட்டினேன். அவளும் விடவில்லை, நானும் விடவில்லை.

கடைசி நிறுத்தத்தில் எல்லாரையும் பத்திரமாக இறக்கிவிட்டிருக்கிறாள். பிறகு இருக்கையை விட்டு எழுந்திருக்கிறாள். படியில் இறங்கும்போது பிடி நழுவி, பின்னந்தலை படியின் விளிம்பில் மோதியது. கண்டக்டர் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நீங்கள் என்னைப் பிடித்ததில் உங்கள் கெட்டிக்காரத்தனம் ஒன்றும் இல்லை, ஐயா. எல்லாம் மச்சினியின் வேலை. அக்கா போனில் பேசி அனுப்பியதை அவள் அழிக்காமல் வைத்திருந்தாள். "உக்காந்திருந்தா ஒண்ணுமில்லடி. எழுந்தாதான் கண்ணு இருட்டுது. டாக்டர்கிட்ட இவர் ஏன் சுத்துதுன்னு சொன்னார்னே புரியல." அதைக் கொண்டுபோய் மருத்துவரிடமே போட்டுக் காட்டியிருக்கிறாள். சுற்றுவதற்கும் இருட்டுவதற்கும் வித்தியாசம் தெரிந்த மருந்துக்கடைக்காரன் ஏன் மாற்றிச் சொன்னான் என்று அவர் யோசித்து, உங்கள் ஸ்டேஷனுக்குச் சொல்லிவிட்டார்.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். மாத்திரை கலந்தது நான்தான். மறைக்கவில்லை, வருந்தவும் இல்லை. ஆனால் கொன்றேன் என்று எழுதினால் கையெழுத்துப் போட மாட்டேன். அவளை நான் பிடித்துத் தள்ளவில்லை. உட்கார் என்று அன்றைக்கே படித்துப் படித்துச் சொன்னேன். உட்கார்ந்த இடத்தில் இருந்திருந்தால் இன்றைக்கும் உயிரோடு இருந்திருப்பாள்.