மூன்றாவது சுற்றுப் பட்டியல்

என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அதனால் இதை நானே எழுதித் தருகிறேன், சப்-இன்ஸ்பெக்டர் ஐயா. உங்கள் ரைட்டருக்குச் சிரமம் வேண்டாம். எனக்குக் காபி வாங்கிவரச் சொன்னீர்கள். மன்னிக்க வேண்டும், காலையில் ராகிக் கூழைத் தவிர எனக்கு எதுவும் ஒத்துக்கொள்வதில்லை.

பெயர் மாதப்பன். வயது நாற்பத்தெட்டு. தருமபுரி தாலூகா தொட்டித்துறை ஆரம்பப் பள்ளியில் பதினெட்டு வருஷமாக வாத்தியார். கல்யாணம் ஆகவில்லை. தொட்டித்துறைப் பரிசல் சங்கத்துக்கு, ஆரம்பித்த நாள் முதல் இன்றுவரை, நான்தான் செகரட்டரி.

சங்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேட்டூரில் அணை கட்டித் தண்ணீர் தேங்கியபோது எங்கள் பழைய ஊர் முழுகிப்போனது. மேட்டில் புதிதாக வீடு கட்டிக்கொண்டோம். அதுவரை ஆற்றைத் திருவிழாவுக்கு மட்டும் போய்ப் பார்த்தவர்கள், காவிரி வாசலுக்கே வந்துவிட்டதால் ஆளுக்கொரு பரிசல் முடையத் தொடங்கினார்கள். மூங்கில் எங்கும் கிடைத்தது. எருமைத்தோலுக்குப் பென்னாகரம் சந்தை இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் யார் முதலில் நடு ஆற்றில் நிற்கிற யானைப்பாறையைச் சுற்றி வருவது என்று பந்தயம் வைத்துக்கொண்டார்கள். சண்டையும் வந்தது. இதற்கு ஒரு ஒழுங்கு வேண்டும் என்று முப்பத்தாறாம் வருஷம் நான்தான் சங்கம் வைத்தேன். கூலிக்குப் பரிசல் விடுகிறவர்களைச் சேர்ப்பதில்லை என்பது முதல் விதி. ஆசைக்காகத் துடுப்புப் போடுகிறவன் மட்டும்தான் உறுப்பினர். கடலைக்காடு வைத்திருந்தவர்கள், ஒரு தையல்காரர், தபால் கொண்டுபோகிற ஒருவர், இப்படித்தான் எங்கள் ஆட்கள்.

எனக்குத் துடுப்புப் போடத் தெரியாது. நீச்சலும் தெரியாது. என் வேலை செய்தி எழுதுவது. பள்ளியில் கழித்துப்போட்ட கரும்பலகை ஒன்றைத் துறைக்கு இறங்கும் வழியில் வேப்பமரத்தில் மாட்டினேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் சங்கச் செய்தி எழுதுவேன். ‘தீர்த்தன், முனிராஜ் ஜோடி யானைப்பாறையை ஆறு நிமிஷத்தில் சுற்றி வந்தது.’ ‘அர்ச்சுனன் பரிசலுக்குப் புதுத் தார் பூசப்பட்டது.’ ‘செல்லனுக்குப் பெண் குழந்தை, இரண்டு ஞாயிறு பயிற்சிக்கு வரமாட்டார்.’ படிக்கத் தெரியாதவர்கள்கூட நின்று பக்கத்தில் இருப்பவரைப் படிக்கச் சொல்லிக் கேட்பார்கள். பலகையில் வராதது நடக்கவில்லை என்றே ஊர் எடுத்துக்கொள்ளும். ஒரு எழுத்துகூட நான் பொய்யாக எழுதியதில்லை. அதை நீங்கள் யாரிடமும் விசாரித்துக்கொள்ளலாம்.

வருஷப் போட்டி ஆடிப் பதினெட்டு அன்று. முப்பத்தொன்பதில் காலரா வந்ததால் நடக்கவில்லை. நாற்பதில் ஆற்றில் தண்ணீரே இல்லை. மூன்றாவது வருஷமும் நின்றுவிட்டால் சங்கம் என்று ஒன்று இருந்ததையே மறந்துவிடுவார்கள். இது என் கவலை. சரியான கவலைதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

நாற்பத்தொன்றாம் வருஷம் ஆடிப் பதினெட்டு சனிக்கிழமை. காலையிலேயே இரண்டு கரையிலும் கூட்டம். பெண்கள் காதோலை கருகமணியும் காப்பரிசியுமாகத் துறையில் நெருக்கியடித்து நின்றார்கள். ஒன்பது ஜோடிகள் பெயர் கொடுத்திருந்தன. ஒரு சுற்றுக்கு மூன்று பரிசல், மொத்தம் மூன்று சுற்று. பத்து மணிக்கு முதல் விசில்.

ஒன்பதரைக்கு ராணியம்மாள் வந்தாள். நாலு மைல் மேலே ஆற்றோரத்தில் தண்ணீர் அளவு பார்க்கிற வாட்சர் சென்னப்பனின் மனைவி. வேர்த்து விறுவிறுத்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

“வாத்தியாரய்யா, எங்க வூட்டுக்காரரு இந்தச் சீட்ட ஒங்க கையிலயே குடுக்கச் சொன்னாருங்க. அவரு அளவுக்கல்ல வுட்டு நகரக் கூடாதாம், அதான் நான் ஓடியாந்தேன்.”

வாங்கிப் படித்தேன். ‘மைசூர்ப் பக்கமிருந்து தந்தி வந்திருக்கிறது. பதினொரு மணிக்கு மேல் பெரிய வெள்ளம் வரும். யாரையும் தண்ணீரில் இறக்க வேண்டாம். சென்னப்பன்.’ எழுத்துப் பிழை எதுவும் இல்லை. அவன் என்னிடம் படித்தவன் இல்லை, இருந்தாலும் சுத்தமாக எழுதுவான்.

“என்னங்க எழுதியிருக்காரு?” என்று கேட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அவசரம் என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தான் போலிருக்கிறது.

“நான் பார்த்துக்கிறேம்மா. நீ போய்ச் சாமி கும்புடு.”

அவள் போனாள். தாலிக்கயிறு மாற்றிக்கொள்கிற பெண்களோடு உட்கார்ந்துகொண்டாள். நான் சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். பத்து மணிக்குத் தொடங்கினால் மூன்று சுற்றும் பத்தே முக்காலுக்குள் முடிந்துவிடும். சுற்றுக்கு எட்டு நிமிஷம், இடையில் கொஞ்சம் ஓய்வு. கணக்குச் சரியாகவே இருந்தது. ஆகவே போட்டியை நிறுத்தவில்லை என்பதற்காக என்னைக் குற்றம் சொல்ல முடியாது.

பிறகு பட்டியலைத் திருத்தினேன். யார் எந்தச் சுற்று என்பதை முதல் நாளே குலுக்கல் போட்டு எடுத்திருந்தோம். தீர்த்தன் ஜோடி முதல் சுற்றில் இருந்தது. அர்ச்சுனன் ஜோடி இரண்டாவதில். நான் அந்த இரண்டு ஜோடிகளையும், தையல்காரர் ஜோடியையும் மூன்றாவது சுற்றுக்கு மாற்றி எழுதினேன். மூன்று ஜோடிகளுமே திறமைசாலிகள். ஒருவேளை தண்ணீர் கொஞ்சம் முன்னதாக ஏறினாலும், கைதேர்ந்தவர்கள் உள்ளே இருப்பதுதானே நல்லது? கற்றுக்குட்டிகளை அப்படிப்பட்ட நேரத்தில் இறக்க முடியாது. தீர்த்தன் வந்து கேட்டான்.

“என்னங்க வாத்தியாரே, மொதச் சுத்துன்னு சொன்னீங்க?”

“நல்ல ஜோடி கடைசியில வந்தாத்தான் கூட்டம் நிக்கும், தீர்த்தா.”

அவனுக்குச் சந்தோஷம். துண்டை மனைவி நஞ்சம்மாளிடம் கொடுத்துவிட்டுப் போய்ப் பரிசலைத் தட்டிப் பார்க்கத் தொடங்கினான்.

முதல் சுற்று பத்தேகாலுக்கு முடிந்தது. இரண்டாவது பத்தரைக்கு. அதன்பிறகு சங்கத்தின் வருஷ அறிக்கையை வாசித்தேன். இரண்டு வருஷம் போட்டி நடக்காததால் மூன்று வருஷ அறிக்கை சேர்ந்திருந்தது. சுருக்கியிருக்கலாம். ஆனால் எல்லோருடைய பெயரும் அதில் இருந்தது. ஒருவரை விட்டால் இன்னொருவர் வருத்தப்படுவார். இருபத்தெட்டு நிமிஷம் ஆனது. கூட்டம் அமைதியாகக் கேட்டது. அவ்வளவு பேர் என்னை அவ்வளவு நேரம் கேட்டது அதுதான் முதல் தடவை.

வாசித்து முடித்துத் துறைக்கு இறங்கினேன். மூன்று பரிசல்களும் வரிசையாக நின்றன. நஞ்சம்மாள் புருஷனின் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“தண்ணி நெறம் மாறுதுங்களே, வாத்தியாரய்யா? செவப்பா வருது.”

பார்த்தேன். மாறியிருந்தது. காலையில் வெளியே இருந்த மூன்றாவது படிக்கல் முழுகியிருந்தது. சருகும் நுரையும் வந்துகொண்டிருந்தன.

“ஆடித் தண்ணி அப்படித்தாம்மா இருக்கும்” என்றேன்.

விசிலை ஊதினேன். கடிகாரத்தில் பதினொன்று ஐந்து.

அதற்குப் பிறகு நடந்தது உங்கள் பழைய கோப்பில் இருக்கும். அவர்கள் யானைப்பாறைக்குப் பாதித்தூரம் போகும்போது சத்தம் கேட்டது. சந்தைக்கு நிறைய வண்டிகள் ஒரே நேரத்தில் வருகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு மேலே வளைவில் ஆறு உயர்ந்து வந்தது. பரிசல் வட்டமானது, ஐயா. அதற்கு முன்னும் பின்னும் கிடையாது. வேகத் தண்ணீரில் மாட்டினால் பம்பரம் மாதிரி சுற்றும். அர்ச்சுனனும் செல்லனும் போன பரிசல் பாறையில் மோதித் தோல் கிழிந்தது. தீர்த்தனின் பரிசல் கவிழவில்லை. கடைசிவரை நிமிர்ந்துதான் இருந்தது. அவன் துடுப்பு கையை விட்டுப் போன பிறகும் கையாலேயே தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தான். மிக நல்ல ஆட்டக்காரன். முனிராஜ் கரையைப் பார்த்து ஏதோ கத்தினான். என்ன என்று கேட்கவில்லை. தையல்காரரும் அவர் மைத்துனனும் ஒரு மரக்கிளையைப் பிடித்து எதிர்க்கரையில் ஏறிவிட்டார்கள். தையல்காரருக்கு வலது கை இப்போதும் மடங்காது.

மற்ற நான்கு பேரும் மூன்று நாள் கழித்து நீர்த்தேக்கத்தில் மிதந்தார்கள். நஞ்சம்மாள் அந்தத் துண்டைத் தோளிலிருந்து எடுக்காமல் மூன்று நாளும் துறையிலேயே நின்றாள். நான் தினமும் அவளுக்குக் கூழ் கொண்டுபோய்க் கொடுத்தேன். பலகையில் நான்கு பேருக்கும் இரங்கல் எழுதினேன். பலர் படித்து அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. எழுத்து சாயாமல் வந்திருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தேன்.

விசாரணைக்கு அதிகாரி வந்தார். சென்னப்பன் சீட்டுக் கொடுத்தனுப்பியதாகச் சொன்னான். ராணியம்மாள் என் கையில் கொடுத்ததாகச் சொன்னாள். என்னைக் கேட்டார்கள். ஒரு சீட்டுக் கொடுத்தாள், அது அவள் பெண்ணைப் பள்ளியில் சேர்ப்பது சம்பந்தமானது என்றேன். அவளுக்குப் பள்ளிக்கு அனுப்புகிற வயதில் ஒரு பெண் இருந்தது உண்மை. அதிகாரியின் குமாஸ்தாதான் அதை எழுதிக்கொண்டார். நான் கீழே கையெழுத்து மட்டும் போட்டேன். சென்னப்பனுக்கு வேலை போயிற்று. ஊரில் அவனுக்கு யாரும் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. யுத்தத்துக்கு ரோடு போட ஆள் எடுத்தபோது அஸ்ஸாம் பக்கம் போனான். சென்ற வருஷம் அங்கே காய்ச்சலில் இறந்துவிட்டதாகத் தபால் வந்தது. அந்தத் தபாலை ராணியம்மாளுக்குப் படித்துக் காட்டியதும் நான்தான்.

இப்போது ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள்.

சென்ற செவ்வாய்க்கிழமை அவள் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். மூன்று வருஷத்தில் இளைத்துப்போயிருந்தாள். வாசலிலேயே நின்றாள்.

“ஒரு மனு எழுதணுங்க, வாத்தியாரய்யா.”

“என்ன மனு?”

“அன்னிக்கு வூட்ல வேற காயிதமும் கெடந்துச்சுங்க. எனக்கு எழுத்துத் தெரியாதுங்களா, அவசரத்துல நான்தான் மாத்தி எடுத்தாந்துட்டேன் போல. நெனச்சு நெனச்சுப் பார்த்தேன். ஒங்கள மாதிரி மனுசரு பொய் சொல்ல மாட்டீங்க. அப்ப தப்பு என்னுதுதானுங்களே? அந்த நாலு பேரயும் நான்தான் கொன்னேன்னு எழுதுங்க. என்னப் புடிச்சுக்கிட்டுப் போவட்டும். அவரு மேல தப்பில்லன்னு ஆவட்டும்.”

நான் உட்காரச் சொன்னேன். காகிதம் எடுத்தேன். அவள் பெயர், ஊர், தேதி எல்லாம் எழுதினேன். ‘என் கணவர் கொடுத்த சீட்டுக்குப் பதிலாக நான் தவறுதலாக வேறு சீட்டை’ என்பதுவரை எழுதிவிட்டேன். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. பச்சாத்தாபம் என்று நினைத்துவிட வேண்டாம். அந்தப் பெண் என் முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, வெளியே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வதில் ஒரு தப்பு வந்தது, அதைத்தான் கவனித்தேன். ஆனால் அந்த வாக்கியம் பொய். என் கையெழுத்தில் பொய் இருக்கக் கூடாது. வாயால் சொன்னது வேறு. அவளை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டு, அந்தப் பாதி மனுவைக் கிழித்துப் போட்டேன்.

சென்னப்பனின் சீட்டை இத்துடன் இணைத்திருக்கிறேன். ஆற்றில் போட்டிருக்கலாம். எழுத்தை அழிப்பது எனக்குப் பழக்கமில்லை.

கடைசியாக, இறந்த நான்கு பேர் மீதும் எனக்கு ஏதாவது பகை இருந்ததா என்று கேட்டீர்கள். இல்லை, ஐயா. போட்டிக்கு முந்தின மாதம் சங்கக் கூட்டம் நடந்தது. புதுச் செகரட்டரி வைக்கலாமா என்று பேச்சு வந்தது. தீர்த்தன் எழுந்து, “வாத்தியாரு பலகையிலதான் பரிசல் வுடுவாரு. தண்ணியில வுட்டா சாக்பீஸ் கரைஞ்சு போயிரும்” என்றான். நல்ல வேடிக்கைப் பேச்சுதான். நானும் சிரித்தேன். அப்படி ஒரு சின்ன விஷயத்தை யாராவது மனதில் வைத்துக்கொள்வார்களா? அன்று சிரித்தவர்கள், என்னை விட்டுத் தீர்த்தனையும் சேர்த்து, மொத்தம் ஒன்பது பேர். அவர்களில் ஆறு பேர் அந்த வருஷம் போட்டிக்குப் பெயர் கொடுத்தார்கள், மூன்று பேர் கொடுக்கவில்லை. கரையில் நின்று வேடிக்கைதான் பார்த்தார்கள். அந்த மூன்று பேர் மேல் எனக்கு இன்றுவரை எந்த மனஸ்தாபமும் இல்லை.