மிட்டாய் கொண்டுவரும் ராஜகுமாரன்

குழந்தைகளுக்கான அனிமேஷன் படங்கள் இப்போது நன்றாக இருக்கின்றன, மேடம். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

நான் சின்ன வயதில் படித்த கதைகளில் சூனியக்காரி கெட்டவள், ராஜகுமாரன் நல்லவன். இப்போது அப்படியில்லை. கொம்பு முளைத்த பூதம் கடைசியில் பிள்ளையைக் காப்பாற்றுகிறது. பாட்டுப் பாடிக்கொண்டு வருகிற ராஜகுமாரன்தான் ஏமாற்றுகிறான். அவன் சிரித்ததும் நான் படத்தை நிறுத்துவேன். "இவன் ஆரு மக்கா?" என்பேன். "கள்ளன்" என்பாள் சஜ்னா. ஒருமுறையும் தவறியதில்லை.

சஜ்னா என் அக்கா மகள். அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே அக்கா இறந்துவிட்டாள். அவளுடைய வாப்பா அஷ்ஃபாக் மச்சான் சவுதியில், தமாமில் வேலை பார்க்கிறார். நான் உயிர்வேதியியல் முடித்துவிட்டு தேங்காப்பட்டணத்தில் உம்மாவோடு இருந்தேன். பிள்ளை என்னிடம் வளர்ந்தாள். இப்போது ஆறு வயது. வாப்பாவை அவளுக்குப் போனில் மட்டும்தான் தெரியும்.

அக்கா போன பிறகு மச்சான் என்னைக் கட்டிக்கொள்வார் என்று குடும்பத்தில் பேசினார்கள். நான் அப்படி நினைத்ததில்லை. குளச்சலிலிருந்து எனக்குச் சம்பந்தம் வந்தபோது வேண்டாம் என்றேன். பிள்ளை சிறியவள், அதுதான் காரணம்.

நோன்புப் பெருநாள் கழிந்து மச்சான் போன் செய்தார். கோட்டாற்றில் ஒரு டீச்சரைப் பேசி முடித்திருப்பதாகவும், கல்யாணத்துக்குப் பிறகு சஜ்னாவையும் கூட்டிக்கொண்டு போவதாகவும் சொன்னார். நல்லது மச்சான் என்றேன். பெண்ணின் போட்டோவை அனுப்பினார். பார்த்துவிட்டு அழித்துவிட்டேன். போனில் இடமில்லை.

அதன் பிறகு படங்களைக் கவனித்துத் தேர்ந்தெடுத்தேன். தூரத்திலிருந்து ஒருவன் பரிசோடு வருவான், பெண்ணைக் கூட்டிக்கொண்டு போவான், பிறகுதான் அவன் யாரென்று தெரியும். அந்த மாதிரிப் படங்கள். "வாப்பாவும் நல்லா சிரிக்காவளே சாச்சி" என்று ஒருநாள் அவளாகவே சொன்னாள். நான் அடுத்த படத்தைப் போட்டேன். நான் சொல்லிக்கொடுத்தேன் என்று நீங்கள் எழுதக் கூடாது.

மச்சான் வந்தபோது அவள் என் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். அவர் நீட்டிய மிட்டாய்ப் பெட்டியைத் தொடவில்லை. "எனக்க பிள்ளைக்கு என்னட்டி சொல்லி வச்சிருக்க?" என்று மச்சான் சிரித்துக்கொண்டே கேட்டார். ஆனால் அவருக்குப் பொறுமை அதிகம். தரையில் முட்டுக்காலிட்டு ஒட்டகம் போல நடந்து காட்டினார். கொஞ்ச நாளில் அவள் அவர் முதுகில் ஏறிக்கொண்டாள். அந்தச் சிரிப்பு எனக்கு அடுப்படிவரை கேட்டது.

படம் சொல்வது ஒரு கருதுகோள் மட்டுமே. நிரூபிக்க ஒரு சோதனை வேண்டும்.

உம்மாவின் சர்க்கரை மாத்திரையைப் பொடித்து ஒரு மிட்டாய்க்குள் வைத்தேன். பிள்ளையின் எடை எனக்குத் தெரியும். மச்சானிடம் கொடுத்து, "ஒங்க கையால குடுங்க மச்சான், இப்ப தின்னுவா" என்றேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். தின்றாள்.

மயக்கம் வரும் என்று எதிர்பார்த்தேன். வலிப்பை எதிர்பார்க்கவில்லை. சீனித்தண்ணீர் கலக்கித் தயாராக வைத்திருந்தேன், ஆனால் பல் கிட்டிக்கொண்டதால் உள்ளே இறங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குள் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியது நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ரத்தத்தில் மாத்திரை இருக்கிறது என்றார் டாக்டர். என்ன தின்றாள், யார் கொடுத்தது என்று கேட்டபோது எல்லோரும் மச்சானைப் பார்த்தார்கள். நீங்களும் அவரைத்தான் முதலில் விசாரித்தீர்கள். அது இயல்புதான்.

மிட்டாயில் மாத்திரை வைத்தது யார் என்று இன்று நீங்கள் சஜ்னாவிடம் கேட்டபோது நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். வாப்பா என்று சொல்வாள் என நினைத்தேன். அவள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

"படத்துல மொதல்ல பயங்காட்டுறவங்க கடைசில நல்லவங்க. எனக்கு மொதல்ல வாப்பாவத்தான் பேடி. சாச்சி மொதல்லேருந்தே நல்லவங்க. அதனால சாச்சிதான்."

நான் கற்றுக்கொடுத்ததை அப்படியே சொன்னாள். கெட்டிக்காரி.

ஆமாம், நான்தான் செய்தேன். தெரியாத ஊரில் தெரியாத ஒருத்தியிடம் பிள்ளை போய்விடக் கூடாது என்பதற்காகச் செய்தேன். இதில் எனக்கென்று எதுவும் இல்லை.

நீங்கள் ஒன்று மட்டும் சொல்லுங்கள் மேடம். கோட்டாற்றுக்காரர்கள் இனிமேல் மச்சானுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள்தானே?