சேற்றுக்கறை பெல்ட்டும் காசிராஜன் அண்ணாச்சியும்

வெள்ளம் கண்ட வண்டிகளுக்கு வாழ்வளித்த வித்தகரே! விலையைச் சொல்லும் முன் விவரத்தைச் சொன்ன வாய்மைக்குரியவரே! ராஜபாளையத்துப் பட்டறையில் உலர்ந்து எழுந்த கார்களை, ஸ்ரீவில்லிபுத்தூர் விற்பனைத் திடலில் வரிசையாய் நிறுத்தி, வந்தாரை வரவேற்று, வாங்காமல் போனாரையும் வாழ்த்தி அனுப்பிய எங்கள் காசிராஜன் அண்ணாச்சி அவர்களே! இருபத்தாறு ஆண்டுப் பணி நிறைவு பெறும் தங்களை இருகரம் கூப்பி வணங்குகிறோம்!

இதற்குள்ளாகவே தாங்கள் நாற்காலியில் நெளியத் தொடங்கியிருப்பீர்கள். முகத்துக்கு நேரே புகழ்ந்தால் எழுந்து வெளியே போகிற வழக்கம் தங்களுக்கு உண்டு. ஆகையால் செத்த நேரம் தங்களை விட்டுவிட்டு, வந்திருக்கும் பெருமக்களிடம் தங்களைப் பற்றிப் பேசுகிறோம். பொறுத்தருள்க!

பெருமக்களே! வெள்ளத்தில் முழுகிய கார்களை ஏலத்தில் எடுத்து, சீட்டைக் கழற்றி, தரைவிரிப்பைக் கிழித்தெறிந்து, ஒயர்களைத் துடைத்து உலர்த்தி, ஓடவைத்து விற்பது எங்கள் தொழில். ஊருக்குள் இதற்கு நல்ல பெயர் இல்லை என்பது எங்களுக்கும் தெரியும். இப்படிப்பட்ட காரின் சீட் பெல்ட்டை முழுக்க இழுத்துப் பார்த்தால், தண்ணீர் நின்ற உயரம் வரை சேற்றுக்கறை இருக்கும். அதனால் புது பெல்ட் மாட்டியதும் பழையதைக் கண்ணில் படாமல் கழித்துவிடுவதுதான் பலருடைய வழக்கம். அண்ணாச்சியோ பழையதை எடுத்து ஸ்டீயரிங்கில் மாலையாகத் தொங்கவிடுவார். கடைசிப் பரிசோதனை முடிந்து, வாங்குகிறவரே அந்தக் கறையைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் மாலை இறங்கும். பாதிப் பேர் மாலையைக் கண்டதுமே வந்த வழியே போய்விடுவார்கள். அன்றைக்கு முழுவதும் முதலாளி லிங்கேஸ்வரன் முகம் சுண்டிக்கிடக்கும்.

சென்ற ஆண்டுக்கு முந்தைய ஆண்டு ஆயுதபூஜையின்போது ஒரு தவறு நடந்தது. திடலின் வாசலில் வாழைமரம் கட்டக் கயிறு போதவில்லை. எங்கள் பெயிண்டர் சிவபாண்டி அங்கும் இங்கும் தேடிவிட்டு, ஒரு வெள்ளைக் காரின் ஸ்டீயரிங்கில் தொங்கிய பெல்ட்டை உருவி மரத்தைக் கட்டிவிட்டார். மறுநாள் விஜயதசமி. அண்ணாச்சி மகாராஜபுரத்தில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தார். நல்ல நாள் பார்த்து வந்த ஒரு குடும்பம் அதே வெள்ளைக் காரைக் கேட்டது. மாலை இல்லாததால், திடலில் நின்ற வெள்ளம் படாத பழைய வண்டிகளில் அதுவும் ஒன்று என்று நினைத்து முதலாளியும் விற்றுவிட்டார். வாங்கியவர் சேத்தூர் மாரியாத்தாள். அண்ணாச்சியின் மகள் சத்யப்பிரியாவை, தம் மகனுக்கு நிச்சயம் செய்திருந்த அம்மையார்! சம்பந்தி வேலை பார்க்கும் இடம் என்ற நம்பிக்கையில் எதையும் கேட்காமலே வாங்கிப்போனார்.

அடுத்த நாள் காலை அண்ணாச்சி வாசலில் வாழைமரத்தைப் பார்த்தார். அதைக் கட்டியிருந்த பெல்ட்டையும் பார்த்தார். விஷயம் தெரிந்ததும், உடனே சேத்தூருக்குப் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று முதலாளியிடம் வந்தார்.

"அண்ணாச்சி, தையில கல்யாணம் முடியட்டும். பொறவு பக்குவமாச் சொல்லிக்கிடலாம். இப்பப் போயி எதுக்கு வம்ப வெலைக்கு வாங்குதீக?" என்றார் முதலாளி.

அந்த யோசனை அண்ணாச்சிக்கும் பிடிக்கத்தான் செய்தது. ஒரே மகள். தாயில்லாமல் வளர்ந்தவள். ஏமாற்றி விற்றதாக நினைத்துச் சம்பந்தி வீடு கோபித்துக்கொண்டால் அவள் கல்யாணம் நின்றுவிடும். ஆனாலும் பெல்ட்டை அவிழ்த்து எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பினார். சேத்தூருக்குப் பிரியும் விலக்குச் சாலையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய், வண்டியை நிறுத்தி, மனம் ஒரு வழிக்கு வந்த பிறகே சேத்தூர்ப் பக்கம் திருப்பினார் என்று பின்னாளில் அவரே சொன்னார்.

வீட்டுக்கு வந்தவரைக் கண்டதும் மாரியாத்தாள் காபி போட எழுந்தார். அண்ணாச்சி உட்காரவே இல்லை.

"தங்கச்சி, காபி இருக்கட்டும். இந்த வண்டி வெள்ளத்துல கெடந்தது. எங்க தப்புல சொல்லாம வித்துட்டோம். இதுல யாரையும் ஏத்தாதீக. நான் திருப்பி எடுத்துட்டுப் போறேன்" என்று பெல்ட்டை நீட்டினார்.

அம்மையார் அதை வாங்கிக் கறையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "அண்ணே, நீங்க இம்புட்டையும் சொன்ன பொறவு நான் வாய மூடிட்டு நின்னா நியாயமில்ல. எம் மகனுக்கு வேலை போயிருச்சு. கல்யாணம் நின்னுரும்னு பயந்து மறைச்சிட்டோம். தெனமும் சட்டைய மாட்டிக்கிட்டு வேலைக்குப் போறாப்புலதான் கெளம்புதான். இந்த வண்டிய வாடகைக்கு ஓட்டத்தான் வாங்குனோம்" என்று சொல்லி அழுதுவிட்டார்.

அண்ணாச்சி காரை ஓட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். பிரித்துப் பார்த்தபோது ஏர்பேக் ஒயரின் முனை அரித்துப் பச்சை பூத்திருந்தது; விபத்து நேர்ந்திருந்தால் பை விரிந்திருக்காது. வீட்டுக்குப் போய், நடந்த அத்தனையையும் மகளிடம் சொல்லி, கல்யாணத்தை நிறுத்திவிடவா என்று கேட்டார்.

"நீங்க முடிவு சொல்லாதீகப்பா. அவர வரச் சொல்லுங்க. அவரு வாயால நான் கேக்கணும்" என்றாள் சத்யப்பிரியா.

மாப்பிள்ளை வந்தார். தலைகுனிந்து எல்லாவற்றையும் சொன்னார். வேலை கிடைக்கட்டும், பிறகு தேதி வைக்கலாம் என்றாள் அவள். அவருக்குப் பேண்டேஜ் துணி ஆலையில் வேலை கிடைத்தது. தையில் நடக்க வேண்டிய கல்யாணம் வைகாசியில் நடந்தது. பந்தியில் முதலாளி அவளிடம், "எங்களாலதானம்மா ஒனக்கு இம்புட்டுத் தாமதம்" என்று வருந்தினார். அவள் மறுத்துச் சொன்னாள்:

"எங்கப்பா அன்னைக்குச் சேத்தூருக்குப் போகாம இருந்திருந்தா, அவியளும் சொல்லியிருக்க மாட்டாக. நான் ஒண்ணும் தெரியாமலே கழுத்த நீட்டியிருப்பேன், மாமா."

அண்ணாச்சி அவர்களே! இனித் தங்களிடமே பேசுகிறோம். நாளை முதல் வருகிறவரிடம் வெள்ளத்து விவரத்தை நாங்கள்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும். நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது. அன்று சேத்தூரில் நின்றபடி தாங்கள் பேசியதை எண்ணித் துணிவு கொள்வோம். கண்ணொளி மங்காமல், கால்வலி அண்டாமல், மகள் வீட்டு வாசலில் தலைநிமிர்ந்து நுழையும் தந்தையாக, தாங்கள் நெடுங்காலம் நிறைவாக வாழ்க!

என்றும் தங்கள் அன்பில் நனையும்,
பட்டறை, விற்பனைத் திடல் பணியாளர்கள்
(வாழைமரம் கட்டிய சிவபாண்டி உட்பட)