அர்ஜுனுக்குக் கொடுத்த ரிலீஸ் லெட்டர்

டீயைக் குடிங்க செய்கு காக்கா, ஆறிடப்போகுது. இந்த நஜ்மா ஏரியாவுல எதிர்த்தாப்புல இருக்கிற ஒரு டீக்கடையிலதான் இன்னும் இஞ்சியைத் தட்டிப் போடுறான். மத்தவனெல்லாம் தூளைக் கொட்டிக் கலக்கிக் கொடுத்துடுறான்.

நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியும். கிளினிக்குல ஈசிஜி எடுக்கிற யஹ்யா உங்ககிட்ட பேசிட்டான்னு காலையிலயே எனக்குத் தகவல் வந்துடுச்சு. ஃபுட்பால் லீக் தலைவர்ங்கிற முறையில நீங்க விசாரிக்கத்தான் வேணும், அதை நான் தப்பா எடுத்துக்கல. தூண்டித் துருவிக் கேட்டா உங்களுக்கும் சங்கடம். நானே ஆரம்பத்துலேருந்து சொல்லிடுறேன். மிஷின் சத்தம் தொந்தரவா இருந்தா நிப்பாட்டவா? மணல்பட்டினம் டீமுக்குக் கறுப்புப் பட்டி வச்ச ஜெர்சி ஓடிட்டிருக்கு. வெள்ளிக்கிழமை அஞ்சலி மேட்சுக்கு வேணுமாம்.

ஆமா, அவங்களுக்கும் ஜெர்சி, பேனர் எல்லாம் அடிக்கிறது நான்தான். தொழில் வேற, காலேஜ் வேற. சோலைத்துறை காலேஜ் பழைய மாணவர் சங்கத்துக்கு தோஹாவுல பதினெட்டு வருஷமா நான் செக்ரட்டரி. ஒரு தடவைகூட எதிர் டீம் ஜெர்சியில நூல் பிரிஞ்சதுன்னு புகார் வந்ததில்ல.

எங்க காலேஜ் 1951-ல வந்தது. மணல்பட்டினம் காலேஜ் எழுபத்தி நாலுல ஒரு அரிசி குடோன்ல நாலு பெஞ்சைப் போட்டு ஆரம்பிச்சது. ரெண்டு ஊருக்கும் நடுவுல பதினோரு கிலோமீட்டர்தான். மாநில டீமுக்கு நாங்க ஏழு பேரை அனுப்பினோம், அவங்க ரெண்டு பேர். இங்க நம்ம வெள்ளிக்கிழமை லீக்குல போன சீசன் வரைக்கும் கப்பு எங்ககிட்ட ஒன்பது, அவங்ககிட்ட நாலு. பெருமைக்குச் சொல்லல. உள்ளதைச் சொல்றேன்.

விஜயபாஸ்கரைக் கோச்சாக் கொண்டுவந்தது நான். தொழில்பேட்டையில சேஃப்டி ஆபீசரா இருந்தார். எங்க காலேஜ்ல ஆடினவர், ஆனா யாருக்கும் முகம் தெரியாது. கூட்டிட்டு வந்து பந்தைக் கையில கொடுத்தேன். ஆறு வருஷத்துல நாலு கப்பு வாங்கிக் கொடுத்தார், இல்லேன்னு சொல்ல மாட்டேன். வெறும் காலுல ஆடிட்டிருந்த ஆளுங்களை ஒரு டீமா மாத்தினார்.

போன செப்டம்பர்ல இதே ஸ்டூல்ல வந்து உக்காந்தார். மணல்பட்டினத்துல கூப்பிடுறாங்க, போறேன்னார். நான் காரணம் கேட்டேன்.

"ஆறு வருஷமா பேனர் அடிக்கிறீங்க பாய். தலைவர் போட்டோ, உங்க போட்டோ, ஸ்பான்சரோட மச்சான் போட்டோ வரைக்கும் வந்துடுச்சு. என் போட்டோ ஒண்ணுல வந்திருக்கா?"

எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. ஒரு போட்டோவுக்காகவா மனுஷன் படிச்ச காலேஜை விடுவான்? ஆனாலும் கை கொடுத்து அனுப்பினேன். மறுநாள் மணல்பட்டினத்துக்காரங்க பேனருக்கு ஆர்டர் கொடுத்தாங்க. அவர் போட்டோ ஆளுயரத்துக்கு, கீழ ஹெட் கோச்னு. அதுக்கும் கீழ, இனி மணல்பட்டினமே முதன்மைன்னு ஒரு வரி. அந்த எழுத்து பத்தாது, பெருசாக்குங்கன்னு கேட்டாங்க. பெருசாக்கிக் கொடுத்தேன்.

வலிச்சுதான்னு கேட்டா வலிச்சுது. நாலு நாள் சோறு இறங்கல. வாப்பா மௌத்தாகி அடக்கம் பண்ணப்பகூட எனக்கு அப்படி இருந்ததில்ல.

அக்டோபர்ல வழக்கம்போல நம்ம பிளேயர்களை மொத்தமா கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனேன். இருபத்திரண்டு பேர். அவங்களுக்கெல்லாம் டூட்டி, தனித்தனியா யாரும் போய் ரிசல்ட் வாங்க மாட்டாங்க. ஒரே கவர்ல செக்ரட்டரி பேருக்கு வந்துடும், நான் பாத்து ஃபைல்ல வச்சுக்குவேன். பதினெட்டு வருஷமா அப்படித்தான். இந்தத் தடவை கவர் வர்றதுக்கு முன்னாடி டாக்டரே போன் பண்ணினார். பத்தாம் நம்பர் அர்ஜுனுக்கு இதயத்துச் சதை தடிச்சிருக்கிற மாதிரி தெரியுது, அவன் ஓடவே கூடாது, ஓடினா ஒருநாள் அப்படியே நின்னுடும், நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கன்னார். நானே கூட்டிட்டுப் போறேன் டாக்டர்னு சொன்னேன். சொன்னப்போ மனசாரத்தான் சொன்னேன்.

கவரும் வந்தது. அந்தப் பேப்பரை இந்த டிராயர்ல வச்சேன். நீங்க கை வச்சிருக்கீங்களே, அதுக்கு நேர் கீழ.

அன்னிக்கே சாயங்காலம் அர்ஜுன் வந்தான். நான்தான் வரச்சொல்லியிருந்தேன். ஏசி குழாய் மாட்டுற வேலை, சட்டையெல்லாம் பஞ்சுத் தூசி. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அவன் பேசிட்டான். விஜயபாஸ்கர் சார் கூப்பிட்டாராம். மணல்பட்டினம் காலேஜ்ல அசிஸ்டன்ட் கோச் வேலை காலியாகுதாம். விட்ட டிகிரியையும் அங்கேயே முடிச்சுக்கலாமாம். இந்த சீசன் அவங்களுக்கு கெஸ்ட் பிளேயரா ஆடினா, பைனல் பாக்க வர்ற கரஸ்பாண்டென்ட்கிட்ட நேரா பேசி முடிச்சுடலாமாம். போன்ல பொண்ணைக் காட்டினான். ஒண்ணரை வயசு, இன்னும் ஒருதடவைகூடத் தூக்கல.

"ஊருக்கே போயிடலாம் பாய். வீட்டுக்காரி நாகஜோதிகிட்ட இன்னும் சொல்லல, லெட்டர் கைக்கு வந்ததும் சொல்லலாம்னு இருக்கேன். ரிலீஸ் மட்டும் கொடுங்க, காலமெல்லாம் மறக்க மாட்டேன்."

நம்ம லீக் ரூல் உங்களுக்குத் தெரியும். ஒரு காலேஜ்ல படிச்சவன் இன்னொரு காலேஜுக்கு ஆடணும்னா, சொந்தக் காலேஜ் செக்ரட்டரி லெட்டர் தரணும், கூடவே ஃபிட்னஸ் பேப்பர் வைக்கணும். பதினெட்டு வருஷத்துல நான் ஒருத்தனுக்கும் ரிலீஸ் கொடுத்ததில்ல. அழுதவன் உண்டு, சண்டை போட்டவன் உண்டு. அர்ஜுனுக்கு அஞ்சு நிமிஷத்துல கொடுத்தேன். பேப்பர் போன வருஷத்துது வச்சேன். தேதியை யாரும் பாக்கல. நீங்களும் பாக்கல காக்கா, குத்திக் காட்டுறதா நினைக்காதீங்க. நீங்க என்னைக் கட்டிப்பிடிச்சு, மீராசாவுக்கு மனசு பெருசுன்னு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க.

ஏன் சொல்லலன்னு கேப்பீங்க. சொல்லியிருந்தா அந்தக் கோச் வேலை போச்சு. கம்பெனிக்குத் தெரிஞ்சா ஏணியில ஏத்த மாட்டான், இந்த வேலையும் போச்சு. ஆசையோட வந்தவன் முகத்துல எப்படிச் சொல்றது? அவன் கேட்டது ரிலீஸ் லெட்டர். கேட்டதைக் கொடுத்தேன். ரொம்ப நாள் இப்படித்தான் எனக்கு நானே சொல்லிட்டிருந்தேன். உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு? லெட்டர்ல கையெழுத்துப் போடும்போது அவன் என் நினைப்புலயே இல்ல. விஜயபாஸ்கர் முகம்தான் இருந்துச்சு, அந்த ஆளுயரப் போட்டோ.

அவனுக்கு மணல்பட்டினம் ஜெர்சி அடிச்சது நான்தான். அளவு எடுக்க வேண்டியதில்ல, எனக்கு மனப்பாடம். முதுகுல பேரு, பத்தாம் நம்பர். அவங்க மேட்ச் ஒண்ணுவிடாமப் போய்ப் பாத்தேன். நல்லா ஆடினான். எங்ககிட்ட ஆடினதைவிட நல்லா ஆடினான், அதுவும் எனக்கு எரிச்சலாத்தான் இருந்துச்சு.

செமி பைனல் முடிஞ்சு விஜயபாஸ்கர் என்னைத் தேடி கேலரிக்கு வந்தார். போனதுக்கப்புறம் அன்னிக்குத்தான் முகத்தைப் பாத்துப் பேசினார். பையன் இடைவேளையில தலை சுத்துதுன்னு உக்காந்துட்டானாம், உதடெல்லாம் வெளுத்துப்போச்சாம். மனுஷன் கையைப் பிசைஞ்சுகிட்டு நின்னார்.

"பாய், நமக்குள்ள ஆயிரம் இருக்கட்டும். அவன் ரிப்போர்ட்டை நீங்கதான் பாத்திருப்பீங்க. நெஜமா நல்லாத்தான் இருந்துச்சா? நீங்க வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னா பைனல்ல இறக்க மாட்டேன்."

அந்த இடத்துல ஒரு வார்த்தை போதும் காக்கா, எனக்குத் தெரியும். எதிர் டீம் கோச், என் சொல்லை நம்பி வந்து நிக்கிறார். ரிப்போர்ட் சுத்தமா இருக்குன்னு சொன்னேன். கேம்ப் சாப்பாடு, தூக்கம் பத்தாது, ஸ்டாமினா குறைஞ்சிருக்கு, பைனலுக்குள்ள தினமும் ரெண்டு ரவுண்டு கூட ஓட வைங்கன்னும் சொன்னேன். அவர் என் கையைப் பிடிச்சு ரெண்டு கண்ணுலயும் ஒத்திக்கிட்டார். ஒரு வாரம் ஓட வச்சிருக்கார். பாவம், நான் சொன்னதை அட்சரம் பிசகாமக் கேட்டிருக்கார்.

பைனல் எங்களுக்கும் அவங்களுக்கும். நீங்களும் பக்கத்துலதான் இருந்தீங்க. அர்ஜுன் ரெண்டு கோல் போட்டான். கரஸ்பாண்டென்ட் எந்திரிச்சு நின்னு கை தட்டினார். அறுபத்தி எட்டாவது நிமிஷம், பக்கத்துல ஆளில்ல, காலடியில பந்தும் இல்ல. மைதானத்து நடுவுல நின்னு கேலரியைப் பாத்தான், அப்புறம் உக்காந்தான், அப்புறம் படுத்துட்டான். எல்லாரும் ஓடினாங்க. நான் ஓடல. எனக்கு என்னன்னு தெரியும்ல.

சாவான்னு நினைச்சீங்களான்னு கேக்குறீங்க. டாக்டர் என்கிட்ட சொன்ன வார்த்தை அதுதானே. எப்ப, எந்த மேட்ச்சுலன்னுதான் தெரியாது. அது என் முன்னாடியே, பைனல்ல, அவங்க ரெண்டு கோல் முன்னாடி இருக்கிறப்ப நடக்கும்னு நான் எதிர்பாக்கல. அந்த அளவுக்கு வேணும்னு நான் அல்லாகிட்ட துஆ கேட்டதில்ல.

அப்புறம் ஆக வேண்டியதையெல்லாம் நான்தான் பாத்தேன். ஆஸ்பத்திரிப் பேப்பர், எம்பசி பேப்பர், கார்கோ ஆபீஸ், பெட்டி. நாகஜோதிக்குப் போன் பண்ணினதும் நான்தான், வேற யாருக்கும் தைரியம் வரல. அந்தப் பொண்ணு, பைனல் ஜெயிச்சிட்டாங்களான்னு மட்டும் கேட்டுச்சு. ஜெயிச்சிட்டாங்கம்மான்னு சொன்னேன். கமிட்டி கப்பை அவங்களுக்கே கொடுக்கப்போகுதுன்னு எனக்கு அப்பவே தெரியும், கொடுத்ததும் சரிதான். ஒன்பதுக்கு அஞ்சு. அதுல எனக்கு மறுப்பு இல்ல.

விஜயபாஸ்கரைப் போன வாரம் ரூம்ல போய்ப் பாத்தேன். தாடியும் கீடியுமா சுவரைப் பாத்து உக்காந்திருக்கார். டூட்டிக்குப் போறதில்ல, கம்பெனியில டெர்மினேஷன் லெட்டர் வந்துடுச்சு. ஆளை ஓட விட்டுக் கொன்ன கோச்னு குரூப்புல எழுதுறாங்க. நான்தான் கொன்னுட்டேன் பாய், நீங்க ஸ்டாமினா இல்லன்னு சொன்னப்பவே நிறுத்தியிருக்கணும்னு என் மடியில தலை வச்சு அழுதார். முதுகைத் தடவிக் கொடுத்தேன். பிஸ்கட் பாக்கெட் ஒண்ணு வாங்கி வச்சுட்டு வந்தேன். இனி அவர் பந்தைத் தொட மாட்டார், எழுந்து நடந்தாலே பெரிய விஷயம்.

கேலரி வாசல்ல கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி பேனரைப் பாத்தீங்களா? என் செலவுல நான் அடிச்சது. மேல அர்ஜுன் போட்டோ சின்னதா, கீழ விஜயபாஸ்கர் போட்டோ பெருசா, ஹெட் கோச், மணல்பட்டினம்னு போட்டு. ஆறு வருஷமா கேட்டாரே. வாசல்ல நின்னு அதை ரொம்ப நேரம் பாத்துட்டிருந்தாராம், யாரோ கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாங்களாம்.

டிராயரைத் திறங்க. பூட்டு இல்ல. மேல இருக்கிறது அர்ஜுன் ரிப்போர்ட், கீழ ரிலீஸ் லெட்டர் நகல். ரெண்டையும் போலீஸ்ல கொடுப்பீங்களோ, கமிட்டியில வைப்பீங்களோ, உங்க இஷ்டம். நான் எங்கேயும் போகமாட்டேன். கொன்னது நான்தான்னு எழுதிக்குங்க, கையெழுத்துப் போடுறேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் தப்பில்லாம எழுதணும் காக்கா. லெட்டர் தேதியைப் பாருங்க, அவன் விழுந்த அன்னிக்கு அவன் எங்க பிளேயர் இல்ல. எழுபத்தி நாலு வருஷமா சோலைத்துறை ஜெர்சியைப் போட்டுக்கிட்டு ஒருத்தனும் மைதானத்துல செத்ததில்ல. மணல்பட்டினம் இனி அப்படிச் சொல்லிக்க முடியாது.