ஊமைக் கட்டை

– பியானோல அந்தக் கட்டைல கை வைக்காதே. அது பேசாது.

– தெரியும் அண்ணி. சும்மா தொட்டுப் பார்த்தேன்.

– தெரியாம இருக்குமா... டிரம்ஸோட சிம்பல் ஸ்டாண்டை அது மேல போட்டது நீதானே.

– அண்ணன்தான் கையை விட்டுட்டான். நான் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்.

– போனவர் மேல பழியைப் போடு. அவர் வந்து இல்லைன்னு சொல்லவா போறார்.

– ஆளை வரச் சொல்லி சரி பண்ணிடலாம்னு எத்தனை தடவை...

– வேண்டாம்ப்பா. அவர் இருந்தப்ப எப்படி இருந்ததோ அப்படியே இருக்கட்டும். டீ ஆறுது, குடி.

– பசங்க எப்ப வருவாங்க, பியானோ கிளாஸுக்கு?

– நாலு மணிக்கு. அதுக்குள்ள வந்த விஷயத்தைச் சொல்லிடு. டிரம்ஸ் அடிக்கிறவன் இவ்வளவு நேரம் கையை ஆட்டாம உக்காந்திருந்தா எனக்குப் பயமா இருக்கு.

– எங்க குழுவோட புதுப் பாட்டு கேட்டீங்களா? ஆல்பத்துல முதல் பாட்டு வெளிய வந்துடுச்சு.

– கேக்காம எங்க போறது. பல் டாக்டர் ரூம்ல ஓடுது. வாயைத் திறந்து வச்சுக்கிட்டே கேட்டேன்.

– அண்ணன் கிடாரோட ராக் மியூசிக்னு அத்தனை வருஷம் கத்தினோம். எதிர்வீட்டுக்காரர் மட்டும்தான் கேட்டார். அதுவும் புகார் கொடுக்கறதுக்கு.

– இப்ப அவரே இந்தப் பாட்டை முணுமுணுக்கிறார், மாடிப்படில. மெட்டு திடீர்னு தாவுற இடத்துல மட்டும் குரல் வழுக்கி விழுது.

– உங்களுக்கு வருத்தம் இல்லையே அண்ணி? ஆல்பம் முழுக்க கிடாரே கிடையாது.

– அவர் இடத்துல வேற ஆளைப் போட்டிருந்தாதான் வருத்தம்.

– பாடுறவன் வேற ஆளைப் போடலாம்னுதான் சொன்னான். நான் முடியாதுன்னுட்டேன். குச்சியைக்கூடத் தொடல. அப்புறம்தான் ஸ்டூடியோக்காரர் இந்த ஆல்பத்து மெட்டுகளைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். வெறும் பியானோ. போட்டது யாருன்னு கேக்காதீங்க, சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கேன்னார்.

– நீ கேக்கலையா?

– கேக்கல. வீட்டுக்குப் போய் குச்சியைத் தேடி எடுத்தேன்.

– ...நல்லது.

– சனிக்கிழமை மேடை. டிக்கெட் மொத்தமும் வித்துப் போயிடுச்சு. ‘நாலாம் மாடி’ங்கிற நம்ம குழு பேருக்கு, அண்ணி. நமக்கு.

– அதுக்கு ஏன் முகம் இப்படி இருக்கு?

– ரெக்கார்டிங்ல வாசிச்ச பியானோக்காரர் வேற குழுவோட வெளியூர் கிளம்பிட்டார். ஆள் இல்ல. நீங்க வரணும்.

– நானா? குழந்தைங்களுக்கு விரல் எங்க வைக்கணும்னு காட்டுறவ நான்.

– அண்ணி...

– அவர் நின்ன இடத்துல போய் நான் நிக்கணுமா?

– நிக்க வேண்டாம். ஸ்டூல் போடுறோம்.

– சிரிக்க வைக்காதே. அத்தனை பாட்டையும் கத்துக்கவே எனக்கு மாசக்கணக்காகும்.

– ஆகாது.

– ஏன் ஆகாது?

– அந்தப் பியானோக்காரர் முதல் நாளே ஒண்ணு கேட்டார். எல்லா மெட்டுலயும் நடுவுல ஒரே ஒரு கட்டையைத் தொடறதே இல்ல. அதே சுரம் மேல் ஸ்தாயில வருது, கீழ் ஸ்தாயில வருது. நடுவுல மட்டும் கிட்டப் போய்த் தாண்டிக் குதிச்சிடுது. இதைப் போட்டவருக்கு அந்தக் கட்டை மேல என்ன கோபம்னு கேட்டார். அந்தத் தாவல்தான் எல்லார் வாயிலயும் ஒட்டிக்குதாம்.

– நீ... நீ என்ன சொன்னே?

– எந்தக் கட்டைன்னு கேட்டேன். காட்டினார். இதோ, இது.

– கையை எடுப்பா.

– முதல்ல அண்ணன்தான் இந்த மெட்டெல்லாம் போட்டு வச்சிட்டுப் போயிருக்கான்னு நினைச்சேன்.

– உங்க அண்ணனுக்குப் பியானோல ரெண்டு விரலுக்கு மேல ஓடாது.

– அதான். அப்புறம் இந்த வீட்ல வேற யார்?

– பெல் அடிக்குது பாரு. பசங்க வந்துட்டாங்க.

– நாலு ஆகல. பெல்லும் அடிக்கல. நான் யார்கிட்டயும் சொல்லல அண்ணி. சொல்லியிருந்தா, பாவம் அண்ணின்னு எல்லாத்துக்கும் தலையாட்டியிருப்பாங்க. பாடுறவன் தெரியாமதான் கேட்டான். நாலு மெட்டு வேண்டாம்னு தூக்கிப் போட்டான். மிச்சம் எல்லாம் வேணும்னு உசிரை விட்டான்.

– எந்த நாலை?

– பார்த்தீங்களா அண்ணி!

– சிரிக்காதே.

– சிரிக்கல. ஆல்பம் அட்டை நாளைக்கு அச்சுக்குப் போகுது. மெட்டு போட்டவர் பேரை மட்டும் காலியா விட்டிருக்கேன். சனிக்கிழமை வண்டி கொண்டு வரட்டுமா?

– கொண்டு வா. ஞாயித்துக்கிழமை பியானோ ரிப்பேர் பண்றவரையும் கூட்டிட்டு வா. அடுத்த ஆல்பத்துக்கு எனக்கு அந்தக் கட்டை வேணும்.